வராத மூன்று ஞாயிறுகள்

காலை ஐந்தரை மணிக்கு அன்னலட்சுமி பின்னத் தொடங்குவாள். பதினொரு பெண்பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பின்னல். அவள் வாங்கில் இருப்பாள். அவளுக்கு முன்னால் நிலத்தில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் மடியில் சீப்பும் ரிபனும். ஒரு பின்னலுக்கு ஒரு நிமிடம். பின்னல் பிந்தினால் சாப்பாடு பிந்தும். சாப்பாடு பிந்தினால் பள்ளிக்கூடம் பிந்தும். பிந்திப் போகிற பிள்ளையை வாசலில் மறித்து எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். தன் பிள்ளைகளில் ஒருவரும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அவள் மணிக்கூட்டைப் பார்த்துப் பின்னினாள்.

லிங்கநகரில் இருக்கிற அந்தச் சிறுவர் இல்லத்தில் பதினேழு பிள்ளைகள். அன்னலட்சுமியும் அவள் புருஷன் கதிரவேலும் அங்கேயே குடியிருந்து அவர்களை வளர்க்கிறவர்கள். பதின்மூன்று வருடமாகிவிட்டது. அதற்கு முதல் அவள் பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். அவன் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்த்தான். பெரியம்மா, பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வந்த முதல் நாளே அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டாள். அம்மா என்ற சொல்லுக்கு உரியவள் வேறு எங்கோ இருக்கிறாள், அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தாள்.

"திலக்சன், மற்றச் சப்பாத்து எங்க?" கிணற்றடியிலிருந்து கதிரவேலின் குரல் கேட்டது. ஆறு பெடியன்களும் அவன் பொறுப்பு.

"நாய் கொண்டு போட்டுது, பெரியப்பா."

"எந்த நாய்?"

"நேத்தும் வந்த நாய்தான்."

"அது இடக்கால் சப்பாத்து மட்டும் போடுற நாயோ? வலக்காலையும் குடுத்துவிடு, நொண்டப் போகுது."

பின்னலுக்கு இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்ததில் தேனுகாவின் தலை ஆடியது. அன்னலட்சுமி அவள் காதைப் பிடித்து நேராக்கினாள். ஒன்பது வயது. அடர்த்தியான தலைமயிர். அதற்கு மட்டும் ஒரு பின்னலுக்கு இரண்டு நிமிடம் வேண்டும்.

ஏழு மணிக்கு வீடு வெறுமையாகும். பிறகு தேத்தண்ணீர், கூட்டல், துவைத்தல், பன்னிரண்டு மணிக்குள் கறி. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள் வாசலிலேயே கதை சொல்லத் தொடங்குவார்கள். ஒரே நேரத்தில் ஏழு பேர். யார் யாரை அடித்தது, யாருக்குக் கணக்கில் எண்பது, யாருடைய பல் ஆடுகிறது. அந்த நேரத்துக்காகவே உயிரோடு இருக்கிறேன் என்று அவளுக்குச் சில நாட்களில் தோன்றும். அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

அன்று பத்து மணிக்கு நன்னடத்தை உத்தியோகத்தர் வந்தாள். றிஷானா, கிண்ணியாக்காரி. இந்த மாவட்டத்து இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளின் கோவைகள் எல்லாம் அவள் கையில். மேசையில் தேத்தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டுத் தேனுகாவின் கோவையைத் திறந்தாள்.

"அக்கா, அம்மாக்காரி மே, ஜூன், ஜூலை மூணு மாசமும் பாக்க வரல்ல. அப்படித்தானே?"

"ஓம் மிஸ். வரேல்ல."

"காரணம் எண்ட கட்டத்தில ஒண்டும் எழுதாம விட்டிருக்கீங்க."

அன்னலட்சுமி தேத்தண்ணீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். றிஷானா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

"வீடு கட்டி முடிச்சிட்டா. கிராம சேவகர் கடிதம் குடுத்திருக்கார். கழிப்பறை இருக்கு, கதவுக்குப் பூட்டு இருக்கு. இரவு வேலையையும் விட்டிட்டாவாம். எல்லாம் சரி. ஆனா மூணு மாசம் பிள்ளைட முகத்தைப் பாக்க வராத ஆளிட்ட பிள்ளையக் குடுங்க எண்டு நான் எப்படி எழுதுற? வீடு மட்டும் போதுமா? நீங்க சொல்லுங்க."

"போதாதுதான்."

"இன்னும் ஒரு வருசம் பாப்பம் எண்டுதான் எழுதப் போறன். ஏழாம் திகதி மீளாய்வுக் கூட்டம். அவவும் வருவா, நீங்களும் வரணும்." கோவையை மூடினாள். "உங்களிட்ட இருக்கிறதால எனக்குப் பயமில்ல. பிள்ளை நல்லாத் தேறியிருக்கு."

அவள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனபிறகும் அன்னலட்சுமி மேசையடியில் நின்றாள். தேத்தண்ணீரில் ஆடை படிந்திருந்தது. அவளே அதைக் குடித்தாள்.

தேனுகாவின் அம்மா கோணேஸ்வரி. கப்பல்துறையில் இருக்கிறாள். புருஷன் விட்டுப் போனபிறகு பிள்ளையைக் கொட்டிலில் தனியே படுக்கப் போட்டுவிட்டு இரவு வேலைக்குப் போனாள். அயலவர் முறையிட்டார்கள். நீதிமன்றம் பிள்ளையை இல்லத்தில் சேர்த்தது. அது நடந்து இரண்டு வருடம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு உறவினர்கள் பார்க்க வரும் நாள். மற்றவர்களின் மாமாவோ சித்தியோ நினைத்தால் வருவார்கள். ஒரு மாதமும் தவறாமல் வந்தவள் கோணேஸ்வரி ஒருத்திதான்.

இல்லத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. கொண்டுவரும் தின்பண்டம் எதுவானாலும் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொண்டுவரக் கூடாது. அதுவும் அன்னலட்சுமி வைத்ததுதான். கோணேஸ்வரி பதினேழு பணிஸ் கொண்டுவருவாள். தன் பிள்ளைக்கு என்று பதினெட்டாவது ஒன்றை ஒருநாளும் கொண்டுவந்ததில்லை.

அவள் வந்து போனால் மூன்று நாளைக்கு வீடு வீடாக இருக்காது. தேனுகா அன்றிரவு சாப்பிடமாட்டாள். விடிய அவளுடைய மெத்தை நனைந்திருக்கும். செவ்வாய் வரைக்கும் அப்படித்தான். ஆரும் வராத பிள்ளைகள் பணிஸைத் தின்றுவிட்டு அதற்குப் பழி வாங்குவதுபோல் சண்டை பிடிப்பார்கள். ஒருத்தி மற்றவளின் கொப்பியைக் கிழிப்பாள். ஒருவன் காரணமில்லாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவான். புதன்கிழமைதான் எல்லாரும் மறுபடி தலையை நேராக வைத்துக்கொண்டு பின்னலுக்கு இருப்பார்கள்.

மே மாதம் நான்கு பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் வந்தது. அம்மாள் வந்த வீட்டுக்கு ஆரும் வரவேண்டாம் என்று அன்னலட்சுமி எல்லாருக்கும் அழைப்பு எடுத்துச் சொன்னாள். அது உண்மை. அந்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. திங்கள் காலை மெத்தைகள் காய்ந்திருந்தன. ஒரு பிள்ளையும் அழவில்லை. நோய் கிடந்த வீட்டில் அப்படியொரு அமைதியை அவள் எதிர்பார்க்கவில்லை.

ஜூனில் கொப்புளிப்பான் மாறிவிட்டது. இரண்டாவது ஞாயிறுக்கு முந்தின வெள்ளி கோணேஸ்வரி அழைத்தாள். "இப்ப வரலாமோ அக்கா?" அன்னலட்சுமி வேப்பிலை உலர்ந்து தொங்கிய நிலைப்படியைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு பிள்ளைக்கு வடு காயேல்ல. அடுத்த மாசம் வாங்கோ" என்றாள். ஜூலையில் தவணைச் சோதினை. "இப்ப வந்தால் பிள்ளை குழம்பிப் போடுவாள். சோதினை முடியட்டும்." இரண்டு தரமும் கோணேஸ்வரி நன்றி சொல்லிவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தாள்.

வருகைப் பதிவில் அன்னலட்சுமி மூன்று மாதத்துக்கும் "வரவில்லை" என்று எழுதினாள். பக்கத்தில் காரணம் கேட்கிற கட்டம். மே மாதத்துக்கு எழுதியிருக்கலாம். ஆனால் அதற்கு எழுதினால் ஜூனுக்கும் எழுத வேண்டும். மூன்றையும் வெறுமையாக விட்டாள்.

தேனுகா தேறினாள். கணக்கில் எழுபத்தெட்டு எடுத்தாள். ஜூலை கடைசியில் ஒருநாள் சாக்குத்துணிபோல் தூங்கிக் கிடந்தவளை எழுப்பியபோது, கண்ணைத் திறக்காமல், "இன்னும் கொஞ்ச நேரம் அம்மா" என்றாள். பதின்மூன்று வருடமாக அந்தச் சொல்லை உடனே திருத்தியவள், "சரி மகள்" என்றாள்.

றிஷானா வந்து போன அன்று பின்னேரம் கதிரவேல் கொடியில் படுக்கை விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தான். கச்சான் காற்று அவற்றை அவன் முகத்தில் அடித்தது. அவள் மறுபக்கத்தில் நின்று நுனியைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, மிஸ் பிள்ளையக் குடுக்க மாட்டாவாம்."

"கேட்டனான்."

"என்னாலதான்."

"நீ பொய் எழுதேல்லயே, அன்னம். வராததைத்தானே வரேல்ல எண்டு எழுதினனீ."

"வராமல் பண்ணினது ஆர்?"

அவன் விரிப்பை உதறிப் போட்டான். கவ்வியைக் குத்தினான். "ஜூன் மாசம் நீ கதைக்கேக்க நான் குசினிக்குள்ளதான் நிண்டனான். கேட்டனான்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்ல?"

"மெத்தையைத் தூக்கி வெயிலில போடுறது நான்தானே. எனக்கும் சுகமாத்தான் இருந்தது."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் அவளை ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் ஆறுதல் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். தன்னோடு சேர்ந்து இன்னொருவரும் அதே அமைதியை ருசித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குப் பாரத்தைக் குறைக்கவில்லை.

"மிஸ்ஸுக்கு அழைப்பு எடுத்துச் சொல்லிவிடன்" என்றான்.

"முதல் அவவிட்ட சொல்லவேணும்."

சனிக்கிழமை அவள் கண்டி வீதி பஸ்ஸில் ஏறிக் கப்பல்துறையில் இறங்கினாள். வழி கேட்டுப் போனாள். இரண்டு அறை வீடு, வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை. கோணேஸ்வரி முற்றத்தில் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சீனக்குடாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாள். அன்னலட்சுமியைக் கண்டதும் தட்டு கையிலிருந்து விழுந்தது.

"அக்கா! பிள்ளைக்கு ஒண்டுமில்லயே?"

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. சும்மா வீட்டைப் பாப்பம் எண்டு வந்தனான்."

"என்ர கடவுளே. நெஞ்சு நிண்டுபோட்டுது." அவள் சிரித்தாள், நெஞ்சைப் பிடித்தபடி. "இருங்கோ அக்கா. இல்லை, முதல் பாத்திட்டு இருங்கோ."

இரண்டாவது அறையைத் திறந்து காட்டினாள். ஒரு கட்டில், புது நுளம்பு வலை. சன்னலுக்கு மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள். சுவரில் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு ஆணி.

"அது பள்ளிக்கூட பாக் கொழுவ. எட்டுமோ அக்கா? அவள் வளந்திருப்பாள். நான் பழைய அளவிலதான் அடிச்சனான்."

"எட்டும்."

"நீங்கள் கொஞ்சம் கைய வைச்சுக் காட்டுங்கோவன், எவ்வளவு உயரம் எண்டு."

அன்னலட்சுமி காற்றில் கையை வைத்துக் காட்டினாள். கோணேஸ்வரி அந்தக் கைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு ஆணியைப் பார்த்தாள்.

"எட்டும்" என்றாள் அவளும்.

இருவரும் வாசற்படியில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். சொல்லவேண்டியதை அன்னலட்சுமி பஸ்ஸில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தபோது கோணேஸ்வரி முந்திவிட்டாள்.

"போன மாசம் மனங்கேக்காமல் பஸ்ஸிலயும் ஏறிட்டன் அக்கா. பணிஸும் கையில. பிறகு நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது, பிள்ளை குழம்பும் எண்டு. இறங்கி வந்திட்டன். பணிஸை இஞ்ச பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்குக் குடுத்தன். நீங்கள் அவளிட நன்மைக்குத்தானே சொல்லுவீங்கள்."

"எந்த இடத்தில இறங்கினனீங்கள்?"

"சீனக்குடாச் சந்தியில."

அந்தச் சந்தியிலிருந்து இல்லத்துக்கு அரைமணி நேரம்கூட இல்லை. அன்னலட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள். "கூட்டத்துக்கு நேரத்துக்கு வாங்கோ" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வெளிக்கிடும்போது கோணேஸ்வரி ஒரு பெரிய பொதியைக் கையில் தந்தாள். இடியப்பம், பதினேழு பேருக்கு. சுடச்சுட. பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தாள். இறங்கும்வரை தொடை சுட்டுக்கொண்டே இருந்தது. பொதியைப் பக்கத்து இருக்கையில் வைக்க இடமிருந்தும் அவள் வைக்கவில்லை.

ஏழாம் திகதி கூட்டம். நீளமான மேசை, மேலே ஒரு காற்றாடி. தலைமையில் நரைத்த மீசைக்கார அதிகாரி ஒருவர். அவருக்குப் பக்கத்தில் றிஷானா. இந்தப் பக்கம் கோணேஸ்வரியும் அன்னலட்சுமியும், இடையில் ஒரு வெறும் கதிரை. கோணேஸ்வரி சீலை உடுத்திருந்தாள். கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அதிகாரி வீட்டைப் பற்றிக் கேட்டார், வேலையைப் பற்றிக் கேட்டார். அவள் சொன்னாள். பிறகு ஒரு தாளைத் திருப்பினார்.

"மூண்டு மாசம் பிள்ளையைப் பாக்கப் போகேல்லையாம். ஏன் அம்மா?"

கோணேஸ்வரி அன்னலட்சுமியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. கணக்குப் போடுகிற பார்வை. பிள்ளை இன்றிரவும் இந்தப் பொம்பிளையின் வீட்டில்தான் படுக்கப்போகிறது.

"வேலையா இருந்திட்டன், சேர்" என்றாள்.

"மூண்டு ஞாயிறும் வேலையா?"

"ஓம் சேர். என்ர பிழைதான்."

றிஷானா எழுதத் தொடங்கினாள். பேனாவின் சத்தம் அன்னலட்சுமிக்குக் கேட்டது. தன்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லப்படும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அதுவும் இவளிடமிருந்து. பயத்தில் சொன்ன பொய். தன் வீட்டில் பிள்ளையை விட்டிருக்கிற ஒருத்தி தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்பதை இரண்டு வருடமாக அவள் கவனிக்கவில்லை. அந்த நன்றிகள் எல்லாம் அந்தப் பயம்தான்.

"அவ பொய் சொல்லுறா, சேர்."

கோணேஸ்வரியின் கை கைப்பையில் இறுகியது.

"வர வெளிக்கிட்டவ. நான்தான் வராதேங்கோ எண்டு சொன்னனான். முதல் மாசம் கொப்புளிப்பான், அது உண்மை. மற்ற ரெண்டு மாசமும் நான் சொன்ன சாட்டு."

பேனா நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பதின்மூண்டு வருசமா இந்த வேலை செய்யிற ஆள் நீங்கள். என்னத்துக்கு?"

"அவ வந்து போனால் பிள்ளை மூண்டு நாள் படுக்கையில பெய்யும். ஆரும் வராத பிள்ளையள் சண்டை பிடிக்கும். எனக்கு ஏலாமப் போச்சு சேர். வராமல் விட்டால் வீடு அமைதியா இருந்தது."

"அது மட்டும்தானா அக்கா?" றிஷானா கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள்.

"இல்லை மிஸ். பிள்ளை என்னை அம்மா எண்டு கூப்பிட்டவள். நான் திருத்தேல்ல."

கோணேஸ்வரி வெறும் கதிரையின் பக்கம் திரும்பினாள். அவள் கத்துவாள் என்று அன்னலட்சுமி நினைத்தாள். அதற்காகவே காத்திருந்தாள் என்றும் சொல்லலாம்.

"அவள் என்னைக் கேட்டவளா?"

"முதல் மாசம் ஒவ்வொரு நாளும் கேட்டவள்."

"பிறகு?"

"பிறகு விட்டிட்டாள்."

"அவளுக்கு என்னண்டு சொன்னீங்கள்?"

"அம்மாவுக்கு வேலை எண்டு."

கோணேஸ்வரி தலையை ஆட்டினாள். ஏதோ விலாசம் ஒன்றைச் சரிபார்த்தவள்போல. அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் அன்னலட்சுமியை அக்கா என்று கூப்பிடவில்லை. வேறெப்படியும் கூப்பிடவில்லை.

முடிவு அரைமணி நேரத்தில் வந்தது. செப்டெம்பரிலிருந்து மாதம் இரண்டு சனி ஞாயிறு தேனுகா கப்பல்துறையில் நிற்கலாம். சரிவந்தால் ஜனவரியில் தாயோடு. விறாந்தையில் றிஷானா அன்னலட்சுமியைத் தனியே கூப்பிட்டாள்.

"வருகைப் பதிவை இனி நீங்க எழுத வேணாம். நான் வேற ஆள் போடுறன்."

"சரி மிஸ்."

"உங்களை மாத்தச் சொல்லி எழுதணும். எழுதல்ல. ஏன் எழுதல்ல எண்டு எனக்கே சரியா விளங்கல்ல." மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் திருப்பினாள். "பிள்ளைக்கும் நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டன்."

அன்று பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு, வீட்டுப்பாட நேரத்துக்கு முன், அன்னலட்சுமி தேனுகாவைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டாள். மேசையின் மறுமுனையில் ஜெஸ்மின் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. போகச் சொல்லலாம் என்று நினைத்தாள், சொல்லவில்லை. இனி மறைவாக ஒன்றும் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"தேனு, அம்மா மூண்டு மாசம் வரேல்ல தானே. அம்மாவுக்கு வேலை எண்டு நான் சொன்னனான். அது பொய். அம்மா வரக் கேட்டவ. நான்தான் வேண்டாம் எண்டனான்."

தேனுகா மேசையில் கிடந்த சோற்றுப்பருக்கையை விரலால் ஒட்டி எடுத்தாள்.

"ஏன்?"

"நீ அழுவாய் எண்டு."

"அம்மா வராததுக்கும் நான் அழுதனான்."

"எப்ப?"

"மலசலகூடத்துக்குள்ள."

அன்னலட்சுமிக்குத் தெரியாது. காய்ந்த மெத்தைகளை எண்ணியவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. "பிழைதான் மகள். என்ர பிழை" என்றாள். தேனுகா பருக்கையைச் சுவரில் ஒட்டினாள். மன்னித்தாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. "அப்ப அம்மா நெடுக வர நினைச்சவவா?" என்று மட்டும் கேட்டாள். "ஓம்" என்றதும் எழும்பி ஓடிவிட்டாள். முற்றத்தில் யாருக்கோ அதைச் சொல்கிற சத்தம் கேட்டது. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பென்சில் சீவுகிற சத்தம் நின்றிருந்தது.

"அப்ப என்ர அம்மாவையும் நீங்களா மறிச்சனீங்கள், பெரியம்மா?"

ஜெஸ்மினின் அம்மா குவைத்துக்குப் போய் ஆறு வருடம். முதல் வருடம் இரண்டு தடவை காசு வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அன்னலட்சுமி அந்த இலக்கத்துக்கு எத்தனையோ தடவை அழைத்திருக்கிறாள். முகவரிடம் போயிருக்கிறாள். கடிதம் எழுதி, அது திரும்பி வந்து, அலுமாரிக்குள் கிடக்கிறது. ஒருநாளும் கிடைக்காத ஒருத்தி அவள்.

"இல்லை ஜெஸ்மின். உன்ர அம்மாவை நான் மறிக்கேல்ல."

"தேனுகாட்டையும் முதல் அப்படித்தானே சொன்னனீங்கள்."

பிள்ளையின் முகத்தில் கோபமில்லை. ஆறு வருடத்தில் அன்னலட்சுமி அந்த முகத்தில் காணாத ஒன்று இருந்தது. கன்னம் சிவந்திருந்தது. கண் அகலமாயிருந்தது. அது சந்தோஷம் என்று விளங்க அவளுக்குச் சிறிது நேரம் எடுத்தது.

அலுமாரியைத் திறந்து கடிதத்தைக் காட்டினாள். முத்திரையைக் காட்டினாள். ஜெஸ்மின் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இது நீங்கள் எழுதினதுதானே. அம்மா எழுதினதில்லையே" என்றாள். திருப்பித் தந்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டாவது ஞாயிறு கோணேஸ்வரி பத்து மணிக்கு முன்னமே வந்துவிட்டாள். றிஷானா புதிதாக அனுப்பிய பெண் ஒருத்தி வாசலில் பதிவைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வாங்கினாள். தேனுகா ஓடிப்போய்த் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மதில் நிழலில் போய் இருந்தார்கள். அன்றைக்கும் பணிஸ் இருந்தது. அன்னலட்சுமியிடம் கொடுக்காமல், கோணேஸ்வரி பொதியைக் கதிரவேலின் கையில் கொடுத்தாள்.

ஜெஸ்மின் நத்தார்ப் பெருநாளுக்குத் தைத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். விறாந்தையில் வாசல் கேற்றைப் பார்க்கக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். கதிரவேல் பணிஸை நீட்டினான்.

"என்ன பிள்ளை, பெரிய எடுப்பு. ஆர் வருகினம்?"

"அம்மா. இனிப் பெரியம்மா மறிக்க மாட்டாதானே."

அவன் பகிடியாக எதையோ சொல்ல வாயெடுத்தவன் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அன்னலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பேசாமல் விடலாம். பிள்ளை இன்றைக்குச் சந்தோஷமாக இருக்கட்டும், பழி தன்மேல் கிடக்கட்டும், இன்னும் ஒன்று கூடினால் என்ன என்று ஒருகணம் நினைத்தாள். அது தண்டனைபோல இருந்தது. சுகமாகவும் இருந்தது. சுகமாக இருந்ததால் அவளுக்குப் பயம் வந்தது. ஜூன் மாதமும் இப்படித்தான், பிள்ளையின் நன்மைக்கு என்றுதான் தொடங்கியது.

கையைத் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். ஜெஸ்மினுக்கு முன்னால் குந்தி இருந்தாள்.

"ஜெஸ்மின், நான் சொல்லுறதை நீ நம்பாட்டிலும் பரவாயில்லை. உன்ர அம்மா எங்க எண்டு எனக்குத் தெரியாது. தேடினனான், கிடைக்கேல்ல. இண்டைக்கு அவ வரமாட்டா. அடுத்த மாசமும் நான் இதைத்தான் சொல்லுவன். நாளைக்கு மிஸ்ஸோட சேர்ந்து திரும்பவும் தேடத் தொடங்குறன். நீயும் பக்கத்தில இருந்து பார். நான் ஆருக்கு என்ன கதைக்கிறன் எண்டு நீயே கேள்."

ஜெஸ்மின் பணிஸைப் பிய்த்து ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். அவள் கண் அன்னலட்சுமியின் தோளுக்கு மேலால் போயிற்று.

"சரி பெரியம்மா" என்றாள். "இப்ப கொஞ்சம் தள்ளி இருங்கோ. கேற் தெரியேல்ல."

அன்னலட்சுமி தள்ளி இருந்தாள்.